உங்கள் நாய்க்கு மண்ணீரலில் கட்டியா?

நாய்க்குக்கூட மண்ணீரல் உண்டா என்று என் தோழிகளில் பாதிப் பேர் கேட்கிறார்கள். ஏன் இல்லாமல்? நமக்கு இருப்பது போலவே இடது பக்கம், இரைப்பையை ஒட்டி, நாக்கு மாதிரி நீளமாக இருக்கிறது. பழைய ரத்த அணுக்களைக் கழிப்பது, அவசரத்துக்குக் கொஞ்சம் ரத்தத்தைச் சேமித்து வைப்பது, நோயை எதிர்ப்பது எல்லாம் அதன் வேலை. ரத்தத்தில் ஊறிய பஞ்சு என்றே வைத்துக் கொள்ளுங்களேன். அதனால்தான் அதில் ஒரு கட்டி வளர்ந்து உடைந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி விடுகிறது.

எட்டு வயதைத் தாண்டிய நாய் உங்கள் வீட்டில் இருந்தால் இதைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. அல்சேஷன், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய ஜாதி நாய்களுக்கு அதிகமாக வருகிறது. நாட்டு நாய்க்கு வராது என்றும் சொல்வதற்கில்லை.

இந்த நோயின் பெரிய தந்திரம் என்னவென்றால், வரும், போகும். ஒரு நாள் நாய் திடீரென்று துவண்டு படுத்து விடும். சாப்பாட்டை மோந்து கூடப் பார்க்காது. மறுநாள் எழுந்து வாலாட்டும்! வயிற்றுக்குள் கசிந்த ரத்தத்தை உடம்பே மெல்ல உறிஞ்சிக் கொள்வதால் வரும் தெம்பு அது. வீட்டில் எல்லோரும், "வெயில் ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லி விடுவார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் விழும்.

எங்கள் மணி பத்து வயது லாப்ரடார். போன வருஷம் அவன் அப்படித்தான் விழுந்தான். மறுநாள் சாயங்காலமே ரசம் சாதம் சாப்பிட்டு விட்டான். வீட்டுக்காரர் சிரித்தார். நான் மட்டும் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம். விரலால் ஈறை அழுத்தி விட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அதற்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ராத்திரியானாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். வலி என்று நினைத்து நாம் போட்டுக்கொள்கிற மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலும் புரூஃபனும் நாய்க்கு விஷமாகி விடலாம்.

டாக்டரம்மா முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. சின்னக் கட்டி அகப்படாதாம்; நெஞ்சு அகலமான நாய்களுக்கு மண்ணீரலின் ஒரு பகுதி விலா எலும்புக்குள்ளே ஒளிந்திருக்குமாம். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7 இருந்தது. நாய்க்கு 12-க்குக் குறையக் கூடாது.

நம் பக்கத்தில் இப்படி ரத்தம் குறைந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். தோட்டம், பட்டி, ஆடு மாடு என்று இருக்கிற ஊரில் உண்ணிக்கு என்ன பஞ்சம்? உண்ணி கடித்துப் பரப்பும் கிருமிகள் ரத்த அணுக்களை அழிக்கும், மண்ணீரலும் வீங்கும். இதில் ஒரு கிருமிக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. பபேசியா கிப்சோனி என்று இன்று உலகமெல்லாம் அழைக்கிற கிருமியை டபிள்யூ. எஸ். பாட்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1910-ல் முதன்முதலாக விவரித்தது, மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில்தான். பிறகு குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டார். உண்ணிக் காய்ச்சலில் மண்ணீரல் பொதுவாக மொத்தமாகப் பெருக்கும். ஓரிடத்தில் மட்டும் உருண்டையாகத் திரண்டால் அது வேறு கதை. கிணத்துக்கடவில் என் நாத்தனார் வீட்டு நாய்க்கு, "மண்ணீரல் பெரிசாயிருக்குது" என்று கேட்டதுமே வீடே அழுதது. கடைசியில் உண்ணிக் காய்ச்சல்! மருந்திலேயே குணமாகி விட்டது.

மணியின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் கிருமி இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலின் நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி. சுற்றிலும் கொஞ்சம் நீர். ஊசியால் அந்த நீரை எடுத்தார்கள், ரத்தம். அதைச் சும்மா ஒரு குழாயில் விட்டு வைத்தார்கள். உறையவே இல்லை. "ஊசி தப்பி ரத்தக் குழாயில பட்டிருந்தா இந்நேரம் உறைஞ்சிருக்குமுங்க. இது உள்ளேயே கசிஞ்ச ரத்தம்" என்றார் டாக்டரம்மா. இவ்வளவு எளிமையான சோதனை! எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஸ்கேன் படத்தை இன்னொரு இடத்தில் காட்டியபோது, "புற்றுநோய்தான், ஊசி போட்டு முடிச்சிடலாம்" என்று நின்ற நிலையில் சொல்லி விட்டார்கள். பையன் வாசலிலேயே உட்கார்ந்து விட்டான். திரும்பி டாக்டரம்மாவிடம் வந்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, ஸ்கேன்ல கட்டி இருக்குதுன்னு தெரியுமுங்க. என்ன கட்டின்னு தெரியாதுங்க."

சகோதரிகளே, விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ரத்தக் குழாய்ப் புற்று, சாதாரண ரத்தக்கட்டு, வயதான நாய்க்கு வருகிற முடிச்சு வளர்ச்சி – மூன்றும் ஸ்கேனில் ஒன்று போலவே தெரியலாம். மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டவை என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ரத்தம் கசிந்து விழுந்த நாய்களில் கெட்டது அதிகம் என்பது இன்றும் உண்மை. ஆனால் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கையில் தற்செயலாகத் தெரிகிற, உடையாத கட்டிகளில் பாதிக்கு மேல் சாதுவானவை என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. கட்டியிலேயே ஊசி குத்திப் பார்க்கலாமே என்றால், ரத்தம் கொட்டும் அபாயம். வருவதும் பெரும்பாலும் வெறும் ரத்தம்தான். மண்ணீரலை எடுத்துப் பரிசோதித்தால்தான் நிச்சயம் தெரியும்.

ஆனால் கத்தி வைப்பதற்கு முன் இரண்டு சோதனை கட்டாயம் கேளுங்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே. இதயத்தின் வலது மேலறையில் கட்டி இருக்கிறதா என்று இதய ஸ்கேன். ரத்தக் குழாய்ப் புற்று அங்கெல்லாம் ஒட்டிக் கொள்ளும். பரவியிருந்தால் அறுப்பதைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

மணிக்கு இரண்டும் சுத்தம். என் அத்தைக்கு மட்டும் மனசே இல்லை. "வயசு பத்தாச்சு. வாயில்லாச் சீவனைப் போயி எதுக்குக் கண்ணு அறுக்கோணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். செலவும் லேசில்லை, ரத்தம் வேறு ஏற்ற வேண்டியிருந்தது, எதிர் வீட்டு நாய் கொடுத்தது. உடைந்த கட்டியோடு சும்மா விட்டால் அடுத்த கசிவில் போய் விடலாம் என்பதால் சம்மதித்தோம். மண்ணீரல் இல்லாமலும் நாய் வாழும்.

எடுத்த மண்ணீரலை முழுசாகவே பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரிய ரத்தக்கட்டுக்குள் சின்னப் புற்று ஒளிந்திருக்கலாம். பல இடத்தில் வெட்டிப் பார்த்தால்தான் அகப்படும். பத்து நாள் காத்திருந்தோம். முடிச்சு வளர்ச்சியும் ரத்தக்கட்டும், புற்று இல்லை என்று வந்தது. அத்தைதான் முதலில் அழுதார்!

எல்லோருக்கும் இப்படி அமையாது. பக்கத்துத் தெரு அக்காவின் அல்சேஷனுக்கும் இதே ஆபரேஷன், இதே டாக்டர். முடிவு ரத்தக் குழாய்ப் புற்று. ஆபரேஷன் மட்டும் செய்தால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம். புற்று மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் நாலு, ஆறு மாதம். அது இரண்டரை மாதம் இருந்தது. "அந்த ரெண்டரை மாசமும் அது நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்று அந்த அக்கா சொல்வார்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு பயம் வரும், ஒட்டிக் கொள்ளுமோ என்று. கட்டி ஒட்டாது; குழந்தை தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் மண்ணீரல் எடுத்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் மற்ற நாய்களைவிடக் கடுமையாக வரும். ஆகவே டாக்டர் சொன்ன உண்ணி மருந்தை நாள் தவறாமல் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் மணியின் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் எல்லாம் தடவிப் பார்க்கிறேன்.