நாடகத் திரையிலிருந்து வந்த லட்சுமி

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் லட்சுமி படத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கையில் தாமரை, இருபுறமும் யானை. இதெல்லாம் பழைய மரபு. ஆனால் பின்னால் விரியும் நீல மலையும் ஏரியும் எந்தக் கோயில் சிற்பத்திலும் கிடையாது.

அந்த மலை நாடக மேடையிலிருந்து வந்தது. இந்தப் பாணியைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தியவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் மேற்கத்திய முறை பயின்றவர். சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தபடி ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார்.

கருவறை இருட்டில் தூரத்தில் தெரியும் தெய்வத்தை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சதைப்பிடிப்புள்ள கன்னம், பட்டின் மடிப்பு, ஒவ்வொரு நகையிலும் தனித்தனியாக மின்னும் கல். முத்திரையையும் ஆயுதத்தையும் மட்டும் மாற்றவே இல்லை. இதைக் ‘காலண்டர் படம்’ என்று ஒதுக்கியது கலை உலகின் பெரிய அநியாயம்.

டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் அதே வழியில் வரைந்தார்கள். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள் இருந்ததால், அந்தப் படங்கள் லட்சக்கணக்கான பூஜை அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.