தேன் மட்டும் போதாத தேன்சிட்டு

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஆலைகளும் ரயில் பாதைகளும் நெருங்கிய ஹவுரா நகரில், 1787-ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் தோன்றிய தாவரவியல் தோட்டம் உள்ளது. சுமார் 109 ஹெக்டேர் பரப்புள்ள இத்தோட்டம் இன்று ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்குள்ள பெரிய ஆலமரத்தைக் காண வருவோர் பலர். பூத்த கிளைகளில் தாவித் திரியும் ஊதாத் தேன்சிட்டைக் கவனிப்போர் சிலரே.

இப்பறவையின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை நிழலில் கறுப்பாகத் தோன்றும். வெயில் பட்டதும் நீலமும் ஊதாவும் கலந்து உலோகம்போல் ஒளிரும். உயர்ந்த கிளையில் அமர்ந்து அது உற்சாகமாகப் பாடும். அக்காலம் கழிந்ததும் அவ்வொளி மறைந்து, மார்பின் நடுவே ஒரு கரும்பட்டை மட்டும் எஞ்சும். பெண் பறவைக்கு மேற்புறம் பழுப்புப் பச்சை. அடிப்புறம் வெளிர் மஞ்சள்.

வளைந்த மெல்லிய அலகும் குழல் போன்ற நாக்கும் பூவின் ஆழத்திலுள்ள தேனை எடுப்பதற்கு ஏற்றவை. அமெரிக்கக் கண்டத்தின் ரீங்காரச் சிட்டுகள் பறந்தவாறே தேனுண்ணும். தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே உண்ணும். பூவுக்குப் பூ செல்கையில் தலையில் ஒட்டிய மகரந்தத்தையும் கொண்டு செல்வதால், தாவரங்களுக்கும் இதனால் பயன் உண்டு. நீண்ட குழல் வடிவப் பூக்களின் அடியில் துளையிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே தேனைக் கவர்வதும் உண்டு.

ஆயினும் தேன் ஒன்றே இதன் வாழ்வுக்குப் போதுமானதன்று. குஞ்சுகள் வளர்வதற்குப் புரதம் வேண்டும். ஆகவே பெற்றோர் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிக் கொணர்ந்து ஊட்டுகின்றன. கூடு கட்டுவதும் பெண் பறவையே. புல், நார், சருகு, மரப்பட்டைத் துணுக்கு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்து, தாழ்ந்த கிளையில் பை போலத் தொங்கவிடும். பக்கவாட்டில் வாயிலும் அதன்மேல் சிறு கூரையும் அமைக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இட்டு, தானே அடைகாக்கும். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதில் ஆணும் பங்கு கொள்ளும்.

எனவே, தேன்சிட்டை வரவழைக்க விரும்புவோர் பூச்செடிகளை நட்டால் மட்டும் போதாது. பூச்சிகொல்லியை மிகுதியாகத் தெளித்தால் குஞ்சுகளின் இரை அழியும். சிலந்தி வலைகளை எல்லாம் துடைத்துவிட்டால் கூட்டைப் பிணைக்க நூல் கிடைக்காது. பருவம் பாராமல் தாழ்ந்த கிளைகளை வெட்டினால் கூடே வீழும். ஹவுராவைப் போன்ற நெருக்கமான நகரத்தில், சிறிதளவு செடிப் புதரையும் சிலந்தி வலையையும் விட்டுவைக்கும் தோட்டமே இப்பறவைக்கு உண்மையான புகலிடமாகும்.