பளு முன்னால் இருக்கட்டும்

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள் லாரி பிடிப்பதற்குப் பதிலாகச் சொந்தக் காரின் பின்னால் சிறிய வாடகை டிரெய்லரை மாட்டி இழுத்துச் செல்வது சாதாரணம். 1945-இல் லியோனார்ட் ஷோயனும் அவர் மனைவியும் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம் இந்த வழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. படிப்பு முடித்து வேலைக்காக ஊர் மாறும் நம் பிள்ளைகளும் இப்படிப் போவதுண்டு. இந்தப் பயணம் நல்லபடியாக முடிவது ஓட்டுகிறவரின் கைத்திறமையைப் பொறுத்தது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி, வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

காரணம் எளிது. டிரெய்லரைக் காரோடு பிணைப்பது ஒரே ஓர் இரும்புக் குண்டுதான். அதைச் சுற்றி டிரெய்லர் இடமும் வலமும் திரும்ப முடியும்; திரும்பாவிட்டால் வளைவில் போகவே முடியாது. பக்கத்தில் பெரிய லாரி ஒன்று விரைந்து கடந்தால் அந்தக் காற்றிலேயே டிரெய்லர் லேசாக ஆடும். பளு முன்பக்கம் இருந்தால் அந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். பின்பக்கம் குவிந்திருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகலாம். போதாததற்கு, பின்பளு டிரெய்லரின் முன்முனையை மேலே தூக்குவதால் காரின் பின்சக்கரங்களுக்குச் சாலையில் பிடிமானம் குறைகிறது. வேகம் ஏற ஏற ஆட்டம் அடங்கும் தன்மையும் குறையும். அதனால்தான் சாமானின் எடையில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்க வேண்டும் என்கிறது யூ-ஹால். மணிக்கு 55 மைலுக்கு, அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு, மேல் போகாதீர்கள் என்றும் சொல்கிறது. புத்தகப் பெட்டிகளும் வாஷிங் மெஷினும் முன்னால், மெத்தையும் துணிமணியும் பின்னால். எதுவும் நகராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

‘என் கார் இன்ஜினுக்கு இதெல்லாம் ஒரு பளுவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் நிறுத்த வேண்டியதும் அதே கார்தான். சிறிய வாடகை டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. காரின் கையேட்டில் இழுக்கும் எடைக்கு ஒரு வரம்பு இருக்கும். சில கார்களை இழுவைக்கே பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். இன்ஜினின் வலிமையை வைத்து இதை முடிவு செய்வது தவறு.

எல்லோரும் 70, 75 மைலில் பறக்கும் சாலையில் 55-இல் ஊர்வதுதான் ஆபத்து என்பது இன்னொரு வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வலது ஓரத் தடத்தில் போனால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். அதிவேகத்தில் தொடங்கும் ஆட்டத்துக்கு அப்படி எளிய தீர்வு இல்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டமே 55 மைல் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் பொதுவான வரம்பு 80 கிலோமீட்டர்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கத்தான் கை போகும். கை திருப்பி முடிப்பதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போயிருக்கும். அந்தத் திருப்பமும் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், நேராக்கிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுவதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுவதே வழி. பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து கனமான பெட்டிகளை முன்னால் மாற்ற வேண்டும். மாற்றாமல் கிளம்பினால், அதே வேகத்தைத் தொட்டதும் அதே ஆட்டம் மறுபடி வரும்.