ஊசி பொய்யில்லை, ஆனால் திகதியை விடாதீர்கள்

“கத்தி வைக்காம ஊசியிலேயே கொணப்படுத்தலாமுன்னு சொல்றாங்களே, நெசமா சேர்?”

பதுளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அன்று கேட்ட கேள்வி இது. கணவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தாயிற்று. அவரோ ‘புதிய ஊசி’யை நம்பிப் போக மறுக்கிறார். தமிழ் படிப்பிக்கிற எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

நம் வெண்குருதிக் கலங்கள் நோய்க்கிருமிகளைத் தேடி அழிப்பவை. அவை நம் உடம்பையே தாக்கிவிடாதபடி அவற்றுக்குப் பிரேக் உண்டு. பிடி-1 என்னும் புரதம் அப்படியொன்று. சில புற்றுக்கலங்கள் இந்தப் பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கொள்கின்றன. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானின் தசுக்கு ஹொஞ்சோ குழுவினர். அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் இன்னொரு பிரேக்கை ஆராய்ந்தார். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1 பிரேக்கைத் தளர்த்தும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவையே அந்தப் ‘புதிய ஊசி’. இதுதான் நிர்ப்பீடனச் சிகிச்சை.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2016இல் இவற்றை அனுமதித்தது. ஆனால் அது கீமோதெரபிக்கும் அடங்காத, முற்றிய நோய்க்கு. அந்த ஆய்வுகளில் கட்டி நன்கு சுருங்கியது ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே. சுருங்கியவர்களில் சிலருக்குப் பலன் நெடுநாள் நீடித்தது உண்மை. பிரேக் தளர்ந்த கலங்கள் நுரையீரலையும் குடலையும் தாக்குவதும் உண்டு. விலையும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதல்ல. 2025இல் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கொடுக்க பெம்ப்ரோலிசுமாப் அனுமதி பெற்றது. அங்கும் கத்தி விலகவில்லை. ஊசி அதற்குத் துணை.

ஆகவே அந்தத் தாயிடம் சொன்னேன்: “ஊசி பொய்யில்லம்மா. ஆனா இப்ப வெட்டி எடுக்கக்கூடியத, ஊசிக்குக் காத்திருந்து வளரவிட வேணாம். திகதிய விட்டுராதீங்க. ஊசி தேவையான்னு டாக்டரே சொல்லுவாரு.”

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். லயத்து வாசலில் மட்டுமல்ல, நம் கல்யாண வீடுகளிலும் வெற்றிலைத் தட்டு வருகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். புற்றாக மாறுமுன்னரே கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது. அந்த நிலையில் எந்த விலையுயர்ந்த ஊசியும் தேவைப்படாது.