‘புரிஞ்சுது மேம்’

விடுதிக்கு வந்த புதிதில் பிள்ளைகள் அழுதால் நான் அதிகம் பதறுவதில்லை. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணிதம் நடத்துகிறேன். மாணவியர் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் என்னிடம்தான். வீட்டு நினைப்பு பகலில் தெரியாது. வகுப்பு, லேப் என்று நேரம் ஓடிவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அது அழுகையாக வரும், சிலருக்கு வயிற்று வலியாக, தூக்கமின்மையாக. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். சில நேரம் அது உண்மையும்கூட. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள் மறுபடி தலைகாட்டும். அதுவும் இயல்புதான்.

ஆனால் முதல் மாதத்திலேயே வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிவிடும் பிள்ளைக்கு விடுதி பழகவே பழகாது. பக்கத்து அறைப் பெண் சிநேகிதியாவது சனி, ஞாயிறுகளில்தான்: துணி துவைக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது. திங்கள் காலை வகுப்பும் போய்விடும். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பதே பலருக்கு நவம்பரில்தான் உறைக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வகுப்பில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும். “புரிஞ்சுது மேம்.”

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி. அரசுப் பள்ளி, தமிழ்வழி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். முதல் இன்டர்னல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியிருந்தாள். நோட்டை எடுத்து வரச் சொன்னேன். போர்டில் நான் எழுதியதெல்லாம் பிசகாமல் இறங்கியிருந்தது. வாயால் விளக்கிய இடங்கள் மட்டும் காலி. ஓரத்தில் பென்சிலால், தமிழ் எழுத்தில், ‘ஐகன் வேல்யூ?’ என்று கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

“ஏம்மா, அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?”

“எல்லாரும் தலையாட்டினாங்க மேம். எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு நினைச்சேன்.”

அணிகளும் அணிக்கோவைகளும் பிளஸ் டூவிலேயே அவள் கரைத்துக் குடித்தவை. முதல் பருவப் பாடம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அடித்தளம் அவளிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வேகமாக ஓடும் வகுப்பில் கையைத் தூக்கத்தான் தைரியம் வரவில்லை. அன்று தலையாட்டியவர்களில் பாதிப்பேருக்கும் அதே கதிதான் என்பதை அந்தத் தேர்வுத் தாள்களே காட்டின.

இதற்காகவே எங்கள் விடுதியில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரை உட்கார வைக்கிறேன். என்னிடம் கேட்கத் தயங்கும் பெண் அவர்களிடம் கேட்டுவிடுகிறாள். சீனியர் அக்கா தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறாள், அவளும் போன வருடம் இதே இடத்தில் திணறியவள் என்பதால். சீனியர் என்றாலே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தருகிறார்கள். யாராவது மிரட்டினால் 1800-180-5522 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

பண விஷயத்திலும் இதே மௌனம்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் பொறியியலில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். ஆனால் டிராஃப்டர், கால்குலேட்டர், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஒரே மாதத்தில் கேட்கப்படுகின்றன. கையில் காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வரைபட வகுப்புக்கே போகாமல் அறையில் படுத்திருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தியின் பழைய டிராஃப்டர் அன்றே கிடைத்திருக்கும். உதவித்தொகையை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மாக்களே, அப்பாக்களே, முதல் வருடமாவது அதை அவள் கையிலேயே விட்டுவையுங்கள்.

போனில் “சாப்ட்டியா கண்ணு?” என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே, “இன்னைக்குப் புரியாததை யார்கிட்ட கேட்ட?” என்றும் கேளுங்கள். முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். பிளஸ் டூவில் முதலிடம் வாங்கியவளுக்கு அந்தத் தாளே போதுமான அடி.

போனை எடுக்காமல், சாப்பிட இறங்காமல், பகலெல்லாம் படுத்தே கிடக்கிறாள் என்று நாள்கணக்கில் தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே விடுதிக்குச் சொல்லுங்கள். 14416 என்பது மனநலத்துக்கான அரசின் இலவச எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எங்கள் விடுதி அலுவலகக் கதவில் என் கைபேசி எண்ணுக்குக் கீழே அதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் பேசட்டும்.