கைநாட்டு வைக்கும் தாயும் தலைவி ஆகலாம்!

மேலூரில் நாற்று நடும் தாய். உசிலம்பட்டியில் காய்கறி விற்கும் தாய். மதுரை சிம்மக்கல்லில் பூக்கட்டும் தாய். இவர்களில் யாரும் தங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆகலாம்!

2009-ல் பிறந்த கல்வி உரிமைச் சட்டம் தந்த உரிமை இது. 2010 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமுலில் இருக்கிறது.

யார் சேரலாம்?

பெற்றோருக்கு வேண்டிய முக்கியத் தகுதி ஒன்றுதான். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும். தாய், தந்தை இல்லை என்றால் வளர்ப்பவர் வரலாம். சட்டம் பட்டம் கேட்கவில்லை, சொத்தும் கேட்கவில்லை. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பதவியும் போய்விடும்.

குழுவில் 4-ல் 3 பங்கு பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்க இடம் உண்டு. தமிழ்நாட்டில் தலைவர் பதவி ஒரு தாய்க்கே!

தலைமை ஆசிரியர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி ஆகியோரும் இருப்பார்கள். 2022-ல் அங்கத்தினர்கள் 20 பேர். 2024-ல் பழைய மாணவர்களும் சேர, 24 பேர் ஆனார்கள்.

என்ன வேலை?

பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவானது? குழு கணக்குக் கேட்கலாம். சத்துணவு சரியாக இருக்கிறதா? பார்க்கலாம். கழிப்பறை வேண்டுமா, சுவர் வேண்டுமா? வளர்ச்சித் திட்டத்தில் எழுதலாம்.

"நமக்கு என்ன தெரியும்?" என்று தாய்மார்கள் ஒதுங்கினால் என்ன ஆகும்? பேசத் தெரிந்த நாலு பேர் வைத்ததே சட்டம் ஆகிவிடும். பிள்ளையின் சோறும் படிப்பும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அரை நாள் வேலையை ஒதுக்கிவிட்டுப் போங்கள்!