கடை ஓப்பன் பண்றீங்களா? அந்த ரெண்டு படிக்கும் பட்ஜெட் போட்டீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈ.சி.ஆரில் புதுச்சேரி நோக்கிப் போகும் கார் ஒன்று கடப்பாக்கத்தில் ஸ்லோ ஆகிறது. டிபன் முடிச்சுட்டு ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம் என்பது பிளான். காரில் ஐந்து பேர். அதில் ஒருவர் வீல்சேரில் வருபவர். உங்கள் கடை வாசலில் ரெண்டு படி. ஓட்டுபவர் ஒரு நொடி பார்க்கிறார். கார் நிற்காமல் போய்விடுகிறது.

போனது ஐந்து டிபன், ஐந்து காபி. கொடுமை என்னன்னா, இந்த நஷ்டம் உங்க கணக்கு நோட்டுல எங்கேயுமே வராது!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்காங்க. முழங்கால் வலியோட வர்ற பாட்டியும், கால்ல கட்டு போட்டிருக்கிற ஃப்ரெண்டும் இந்தக் கணக்குல சேராதவங்க. அவங்களுக்கும் அந்தப் படி படிதான். கஃபேயோ, ஹோம்ஸ்டேயோ, மொபைல் கடையோ... புதுசா தொடங்கப்போறீங்கன்னா இந்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுறதுன்னு பார்ப்போம்.

முதல்ல டேப் எடுங்க

சாய்தளத்துக்குப் பொதுவான விகிதம் 1:12. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். உங்க வாசல்ல தலா 6 இன்ச்ல ரெண்டு படின்னா, மொத்த உயரம் ஓர் அடி. 12 அடி நீளம், 4 அடி அகலம்னு வெச்சா சாய்தளத்தோட கன அளவு 24 கன அடி. இந்த அளவைச் சொல்லி உங்க ஊர் கொத்தனார்கிட்ட ரேட் கேளுங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத சொரசொரப்பான தரை, கதவுக்கு முன்னாடி வீல்சேர் நின்னு திரும்ப சுமார் 5 அடி சமதளம்... இதையும் சேர்த்துத்தான் எஸ்டிமேட் வாங்கணும்.

பல கடைகளில் பைக் ஏத்துறதுக்காக 3 அடியில ஒரு செங்குத்துச் சரிவு போட்டு, ‘எங்ககிட்டயும் ராம்ப் இருக்கே’ன்னு சொல்வாங்க. அதுல வீல்சேர் ஏறினா பின்பக்கமா கவிழ வாய்ப்பிருக்கு. இடம் பத்தலைன்னா சுவரை ஒட்டி பக்கவாட்டுல திருப்பிக் கட்டலாம். ரோட்டுப் பக்கம் மட்டும் நீட்டிடாதீங்க. அது ஆக்கிரமிப்பாகிடும், நாளைக்கே இடிச்சாலும் கேட்க முடியாது.

அரை அடியில இருக்கு விஷயம்

சின்ன ஹோட்டல்கள்ல டாய்லெட் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். வீல்சேர் தாராளமா நுழைய சுமார் 3 அடி, அதாவது 900 மில்லிமீட்டர் திறப்பு வேணும். கட்டும்போதே சொல்லிட்டா கொஞ்சம் பெரிய ஃப்ரேம், கொஞ்சம் பெரிய கதவு. அதோட முடிஞ்சது. கட்டி முடிச்ச பிறகு மாத்தணும்னா சுவரை உடைக்கணும், டைல்ஸ் பேர்க்கணும், பைப் லைனைத் திருப்பணும், அத்தனை நாளும் கடையை மூடணும். அதனால, இந்தச் செலவை முதல் எஸ்டிமேட்லயே எழுதிடுங்க.

காசே இல்லாம செய்யக்கூடியவை

மெனு கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறதுக்குப் பதிலா, டைப் பண்ணி அனுப்புங்க. பார்வையற்றவரோட போன் அதைச் சுலபமா வாசிச்சுக் காட்டும். காது கேளாதவங்க போன்ல பேச முடியாது, அதனால வாட்ஸ்அப்லயே புக்கிங் எடுங்க. கூகுள் மேப்ஸ்ல உங்க கடைப் பக்கத்துல வீல்சேர் வசதி பத்தின ஆப்ஷன் இருக்கு. இருந்தா மட்டும் டிக் பண்ணுங்க. கூடவே வாசல் படம், கதவோட அகலம் போட்டுட்டா, கார் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணிடுவாங்க.

ஊழியர்களுக்கு ஒரே பாடம்தான். வந்தவரைத் தூக்க ஓடாதீங்க, “என்ன உதவி வேணும்?”னு அவர்கிட்டயே கேளுங்க.

மெரினா சொல்லும் பாடம்

2022 நவம்பர் இறுதியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் பக்கம் போக நிரந்தர மரப்பாதை திறந்தாங்க. சுமார் 263 மீட்டர் நீளம், 1 கோடியே 14 லட்சம் ரூபாய் செலவு. வாழ்க்கையில முதல்முறையா அலையைப் பக்கத்துல பார்த்துப் பலர் கண் கலங்கினாங்க. இரண்டே வாரத்துக்குள் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. பாதையின் ஒரு பகுதி சேதமாச்சு. பிறகு சரிசெய்து திறந்தாங்க.

இது அரசுத் திட்டம். ஆனா, கடலோரத்துல கடை போடுற நமக்கும் இதுல பாடம் இருக்கு. கட்டுறதோட செலவு முடியுறதில்லை. உப்புக்காத்துல சாதாரண இரும்புக் கைப்பிடி துருப்பிடிச்சு, பிடிக்கிறவர் கையைக் கிழிக்கும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூடுதல், ஆனா கடல் காத்தை அதிக நாள் தாங்கும். எதைப் போட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக்குன்னு ஒரு தொகை ஒதுக்குங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். விதிப்படி பிளான் இல்லாத கட்டடத்துக்கு அனுமதியோ, நிறைவுச் சான்றிதழோ கொடுக்கக்கூடாதுன்னு பிரிவு 44 சொல்லுது. சட்டத்தை முதல்முறை மீறினா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். மறுபடி மீறினா 50,000-லிருந்து 5 லட்சம் வரை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக்கூடாது, கட்டாயமாக்கணும்னு 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு 3 மாதம் கெடுவும் கொடுத்தது.

இப்படிப் பிரிச்சு எழுதுங்க

* இந்த வாரம்: டைப் செய்த மெனு, மேப்ஸ் தகவல், ஊழியர் பயிற்சி. செலவு பூஜ்யம்.
* இந்த வருஷம்: சாய்தளம், கைப்பிடி. வாடகைக் கடைன்னா ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டுத் தொடங்குங்க.
* அடுத்த ரெனோவேஷன்: டாய்லெட், அகலமான கதவு.
* வருஷா வருஷம்: பராமரிப்பு.

கடைசியா ஒண்ணு. வேலை முடிஞ்சதும் வீல்சேர் பயன்படுத்துற ஒருவரைக் கூப்பிட்டு, வாசல்ல இருந்து டாய்லெட் வரைக்கும் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்கிற மாதிரி அவரோட நேரத்துக்கும் காசு கொடுங்க. அவர் ‘இங்கே இடிக்குது’ன்னு சொன்னா, பூசினது காயறதுக்குள்ள சரி பண்ணிடலாம்.